டிரைவ்ல இருக்கு, ஆனா திருத்துறவர் கைக்குப் போகல!
(வாசகர் கேள்வி - பதில்)

கேள்வி: ஆன்லைன் கோர்ஸ் அசைன்மென்ட்டை கூகுள் டிரைவ்ல போட்டு லிங்க்கை சப்மிட் பண்ணேன். எனக்கு நல்லாவே ஓபன் ஆகுது. ஆனா திருத்துறவர் 'அக்சஸ் இல்ல'ன்னு சொல்லி சைபர் போட்டுட்டார் சார், இது நியாயமா?

பதில்: உங்களுக்கு ஓபன் ஆகத்தான் செய்யும், ஓனரே நீங்கதானே. டிரைவ்ல புதுசா ஏத்துற ஃபைல் பொதுவா 'ரெஸ்ட்ரிக்டட்'லதான் இருக்கும், அதாவது நீங்க பேர் சேர்த்தவங்களுக்கு மட்டும். ஷேர் பட்டனை அழுத்தி, ஜெனரல் அக்சஸ்ங்கற இடத்துல 'எனிஒன் வித் த லிங்க்'னு மாத்துங்க, வியூவர் போதும், எடிட்டர் குடுத்துடாதீங்க, அப்புறம் யார் வேணா உள்ள வந்து கிறுக்கிட்டுப் போவாங்க. மாத்தின பிறகு இன்காக்னிட்டோ விண்டோல, அதாவது உங்க லாகின் எதுவும் இல்லாம திறக்கற பிரைவேட் ஜன்னல்ல, அதே லிங்க்கை ஒட்டிப் பாருங்க, அங்க லாகின் கேட்டா திருத்துறவருக்கும் கேட்கும்னு அர்த்தம்.

காலேஜ் அக்கவுன்ட்னா இன்னொரு சிக்கல் இருக்கு. அட்மின் வெளியாளுங்களுக்கு ஷேர் பண்றதையே பூட்டி வச்சிருக்கலாம், அப்ப அந்த ஆப்ஷனே உங்களுக்கு வராது, நிறுவனத்துக்குள்ள இருக்கறவங்களுக்கு மட்டும்னுதான் காட்டும். வெளி கோர்ஸுக்கு அனுப்பணும்னா சொந்த அக்கவுன்ட்ல ஒரு காப்பி போட்டு அந்த லிங்க்கைக் குடுங்க, வேற வழியில்ல. சைபருக்கு நியாயம் கேட்கறதை விட, அக்சஸ் சரி பண்ணிட்டேன்னு மரியாதையா ஒரு மெயில் போடுங்க. டிரைவ்ல கடைசியா எப்ப எடிட் பண்ணீங்கன்னு தேதி இருக்கும், டெட்லைனுக்கு முன்னாடியே முடிச்சது அதுல தெரியும். அதுக்காகவே சொல்றேன், பதில் வர்ற வரைக்கும் அந்த ஃபைல்ல ஒரு கமா கூட மாத்தாதீங்க.

கேள்வி: கோர்ஸ் பேஜ்லயே டிரைவ்ல இருந்து ஃபைல் எடுக்கற பட்டன் இருக்கு. அழுத்தினா வெள்ளையா ஒரு பெட்டி வருது, திரும்பத் திரும்ப லாகின் கேட்குது, என்னன்னே புரியல.

பதில்: பெரும்பாலும் குக்கீ பிரச்சனைதான், அதாவது நீங்க லாகின் பண்ணதை ஞாபகம் வச்சுக்க சைட் உங்க பிரவுசர்ல வைக்கற சின்னக் குறிப்பு. கோர்ஸ் சைட்டுக்குள்ள டிரைவ் ஒரு சின்ன ஜன்னலா திறக்குது இல்லையா, பிரவுசர் பார்வையில அது தர்ட் பார்ட்டி, அதாவது வெளி சைட், அதனால அதோட குக்கீயைத் தடுத்துடலாம், அப்ப நீங்க லாகின் பண்ணதே டிரைவுக்குத் தெரியாது. சஃபாரில இந்தத் தடுப்பு டிஃபால்ட்டாவே ஆன்ல இருக்கும். உங்க பிரவுசர்ல வசதி இருந்தா அந்த சைட்டுக்கு மட்டும் குக்கீயை அனுமதிங்க, பாப்அப் பிளாக்கரையும் ஆட் பிளாக்கரையும் அங்க ஆஃப் பண்ணுங்க. மேல இன்காக்னிட்டோ சொன்னேனே, அது லிங்க்கை டெஸ்ட் பண்ண மட்டும்தான், அதுல இருந்தே சப்மிட் பண்ணப் போகாதீங்க, குரோம் இன்காக்னிட்டோல தர்ட் பார்ட்டி குக்கீக்கு டிஃபால்ட்டா தடை. ஒரே பிரவுசர்ல ரெண்டு மூணு ஜிமெயில் லாகின் இருந்தாலும் தப்பான அக்கவுன்ட் டிரைவைக் காட்டும், கோர்ஸுக்குன்னு தனியா ஒரு பிரவுசர் புரொஃபைல் வச்சுக்கிட்டா பாதி தலைவலி போயிடும்.

கேள்வி: பைதான் கோர்ஸ். டேட்டா ஃபைல் லிங்க்கை புரோகிராம்ல குடுத்திருக்கேன், ஷேரிங் எல்லாம் சரியாத்தான் இருக்கு, ஆனா தானா திருத்தி மார்க் போடற ஆட்டோகிரேடர் ஃபெயில்னு சொல்லுது.

பதில்: ஷேர் லிங்க் ஃபைலுக்குப் போறதில்ல, ஃபைலைக் காட்டுற வெப் பேஜுக்குப் போகுது. மனுஷன்னா அங்க டவுன்லோட் பட்டனைத் தேடி அழுத்துவான், புரோகிராம் என்ன பண்ணும், அந்தப் பேஜோட எச்டிஎம்எல் கோடையே உங்க சிஎஸ்வி டேட்டா ஃபைல்னு நம்பி படிச்சு விழுந்துடும். டிராப்பாக்ஸ்னா லிங்க் கடைசில டிஎல்=0 (dl=0)ன்னு இருக்கறதை 1ஆ மாத்தினா நேரா டவுன்லோட் ஆகும். டிரைவ்லயும் நேரடி டவுன்லோட் லிங்க் உண்டு, ஆனா 100 எம்பிக்கு மேல போனா வைரஸ் ஸ்கேன் பண்ண முடியலன்னு நடுவுல ஒரு எச்சரிக்கை பேஜ் வரும், திரும்பவும் அதே கதை. ஒரே ஃபைலை கிளாஸ் முழுக்க இழுத்தா டவுன்லோட் கோட்டா தாண்டிச்சுன்னும் கொஞ்ச நேரத்துக்குப் பூட்டிடும். என்னைக் கேட்டா டேட்டாவைச் சின்னதா வெட்டி புரோகிராம் கூடவே சேர்த்து ஏத்திடுங்க.

கேள்வி: கம்ப்யூட்டர்ல இருக்கற டிரைவ் ஃபோல்டர்ல இருந்து கூகுள் டாக்ஸ் ஃபைலை அப்லோட் பண்ணேன், உள்ள ஒண்ணுமே இல்லங்கறாங்க. முப்பது பேஜ் எழுதினேன் சார்!

பதில்: எழுதினது எங்கயும் போகல, பயப்படாதீங்க. பேர் ஜிடாக் (.gdoc)னு முடியற ஃபைல் வெறும் ஷார்ட்கட், எழுத்தெல்லாம் கூகுள்கிட்ட இருக்கு. டாக்ஸைத் திறந்து ஃபைல் மெனுல டவுன்லோட் போய் பிடிஎஃப் எடுத்து அதை ஏத்துங்க. ஒன்டிரைவ்லயும் கிட்டத்தட்ட இப்படித்தான், பேர் பக்கத்துல மேகம் மாதிரி ஐகான் இருந்தா அது இன்னும் உங்க மெஷின்ல இறங்கலன்னு அர்த்தம், இறக்கி வச்சுட்டு அப்புறம் ஏத்துங்க.

கேள்வி: அப்லோட் பாதியில நின்னு ஸ்டோரேஜ் ஃபுல்ங்குது. டிரைவ்ல நான் பெருசா எதுவும் வைக்கலயே?

பதில்: இலவச 15 ஜிபி டிரைவுக்கு மட்டும் இல்ல, ஜிமெயில், போட்டோஸ் எல்லாத்துக்கும் சேர்த்துத்தான். டிராஷ்ல கிடக்கறதும் கணக்குல வரும், தானா அழிய 30 நாள் ஆகும், நீங்களே காலி பண்ணிடுங்க.

கேள்வி: மூடுல்ங்கற (Moodle) கோர்ஸ் சைட்ல ஃபைல் ஏத்தியாச்சு, சேவும் பண்ணியாச்சு, ஆனா சப்மிட் ஆகலங்கறாங்க.

பதில்: ஸ்டேட்டஸ்ல 'டிராஃப்ட்'னு இருக்கான்னு பாருங்க. சில கோர்ஸ்ல சேவ் பண்ணப்புறம் 'சப்மிட் அசைன்மென்ட்'னு இன்னொரு பட்டன் இருக்கும், அதையும் அழுத்தினாத்தான் கணக்கு.