முன்பு படித்த பக்கத்தை இணையத்தில் மீண்டும் கண்டுபிடிப்பது எப்படி?

முன்பு படித்த கட்டுரை எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை, புக்மார்க் செய்யாதது என் சோம்பேறித்தனமா என்று கேட்டிருக்கிறீர்கள். நிச்சயமாக இல்லை. யாஹூ தேடல் பதிவுகளை ஆராய்ந்து 2007இல் வெளியான ஓர் ஆய்வு, தேடல்களில் ஏறத்தாழ 40 விழுக்காடு ஏற்கெனவே கண்டதை மீண்டும் தேடுபவையே என்று காட்டியது.

என் தந்தைக்குச் செவித்திறன் குறையத் தொடங்கியபோது, காது கேட்கும் கருவிக்குப் பழகிய முதல் சில வாரங்களைப் பற்றி ஒருவர் எழுதிய கட்டுரையைப் படித்தேன். கருவியே வேண்டாம் என்று தந்தை மறுத்துக்கொண்டிருந்த காலம் அது; அதனால் சேமிக்கத் தோன்றவில்லை. ஆறு மாதம் கழித்துக் கருவி வாங்கி, பாத்திரங்களின் ஓசை தாங்காமல் அவர் அதைக் கழற்றி வைத்த நாளில்தான் அந்தக் கட்டுரையின் அருமை தெரிந்தது. பின்னால் எது தேவைப்படும் என்பது படிக்கும்போதே தெரிந்துவிடுமா? 'குறித்து வைத்திருக்கலாமே' என்பவர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும். புக்மார்க் வீண் என்று நான் சொல்லவில்லை.

குரோமின் உலாவல் வரலாறு 90 நாள்களுக்கு மேல் நிற்பதில்லை. செய்தித்தாளைப் புரட்டும் ஓசைகூடக் காதில் அறைந்தது என்று நினைவில் இருந்த வரியை மேற்கோள் குறிகளுக்குள் இட்டு, அதே சொற்கள் அப்படியே உள்ள பக்கங்களை மட்டும் தேடியும் பயனில்லை. கட்டுரையில் இருந்த சொல் 'நாளிதழ்' என்பது பிறகுதான் தெரிந்தது. குறிகளை நீக்கினால் கருவி விற்பவர்களின் பக்கங்களே வந்து குவிந்தன.

இரண்டு நாள் கழித்து, அதில் என்ன இருந்தது என்பதை விட்டுவிட்டு, அது எப்படி என்னிடம் வந்தது என்று யோசித்தேன். தங்கை வாட்ஸ்அப்பில் அனுப்பியது! அவளுடனான உரையாடலில் இணைப்புகளை மட்டும் காட்டும் பகுதியில் முகவரி கிடைத்தது, பக்கம்தான் திறக்கவில்லை. தளத்தைப் புதுப்பித்தவர்கள் பழைய முகவரிகளைப் புதியவற்றுக்குத் திருப்பிவிடவில்லை. என் கோபமெல்லாம் இதன்மேல்தான். 2013இல் இருந்த இணையப் பக்கங்களில் 38 விழுக்காடு பத்தாண்டுகளுக்குப் பின் கிடைக்கவில்லை என்று அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024இல் தெரிவித்தது. அதே ஆண்டில் கூகுளும், தான் சேமித்துவைத்த பக்கப் பிரதிக்குத் தேடல் முடிவுகளில் தந்துவந்த இணைப்பை நீக்கியது. இத்தனைக்கும் பிறகு பழி மட்டும் வாசகரின் மறதிமேல் விழுகிறது.

முகவரி கையில் இருந்ததால் இணையப் பக்கங்களின் பழைய பிரதிகளைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷின் தளத்தில் இட்டுப் பார்த்தேன். படங்கள் இல்லாவிட்டாலும் எழுத்து முழுவதும் இருந்தது. அன்று மாலையே தந்தைக்கு அதைப் படித்துக் காட்டினேன். நீங்களும் தலைப்போடு மல்லாடாமல், கைபேசியில் படித்தீர்களா கணினியிலா, யார் அனுப்பினார்கள், அதற்குச் சற்றுமுன் எதைத் தேடிக்கொண்டிருந்தீர்கள் என்பவற்றிலிருந்து தொடங்குங்கள்.