மூன்று வேளை தண்ணீர், ஆனாலும் வாட்டம்

கேள்வி: எங்கள் வீட்டு மொட்டை மாடியில் கறிவேப்பிலை, மல்லிகை, தக்காளி, செம்பருத்தி என்று 22 பூந்தொட்டிகள் இருக்கின்றன. கத்திரி தொடங்கியதிலிருந்து மதியமானால் எல்லாம் துவண்டுவிடுகின்றன. மூன்று வேளை தண்ணீர் ஊற்றியும் இலைகள் மஞ்சளாகி உதிர்கின்றன. வீட்டுக்குள் ஏசி அறையில் இருக்கும் மணிபிளான்டும் நுனி கருகுகிறது, அதற்கு ஆர்.ஓ. இயந்திரம் கழித்துவிடும் நீரைத்தான் வீணாக்காமல் ஊற்றுகிறேன். இந்த நிலையில் ஐந்து நாள் ஊருக்குப் போக வேண்டும். என்ன செய்வது?
- வாசகி, வேலூர்

பதில்: முதலில் அந்த மதிய வேளைத் தண்ணீரை நிறுத்துங்கள். வேலூர் வெயிலில் மதியம் இரண்டு மணிக்கு மனிதரே துவண்டுதான் கிடக்கிறோம். வேர் உறிஞ்சுவதைவிட வேகமாக இலை வழியே நீர் ஆவியாகும்போது, மண்ணில் ஈரம் இருந்தாலும் செடி தலையைத் தொங்கவிடும். மாலை ஆறு மணிக்குப் போய்ப் பாருங்கள். நிமிர்ந்திருந்தால் அதற்கு ஒரு குறையும் இல்லை. அப்போதும் துவண்டே இருந்தால், ஆள்காட்டி விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணில் விட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் தாகம். சொதசொதவென்று இருந்தால் வேர் மூச்சுத் திணறி அழுகத் தொடங்கியிருக்கிறது என்று பொருள். வெளியே பார்க்க இரண்டும் ஒரே வாட்டம்தான். உங்கள் மஞ்சள் இலைகளைப் பற்றிப் படித்தபோது எனக்கு இரண்டாவதன் மேல்தான் சந்தேகம்.

மதியத் தண்ணீரில் இன்னொரு கேடும் உண்டு. வெயிலில் கிடந்த ரப்பர் குழாயில் முதலில் வருவது கையே பொறுக்காத வெந்நீர். அதை வேரில் விடலாமா? காலை ஏழு மணிக்குள், தொட்டியின் அடித்துளை வழியே நீர் வெளியேறும் அளவுக்கு ஒரே முறையாக ஊற்றுங்கள். சிறிய தொட்டிகளுக்கு மட்டும், விரல் சோதனையில் காய்ந்திருந்தால், மாலையிலும் ஊற்றலாம். மண் இறுகித் தொட்டி ஓரத்தில் இடைவெளி விட்டிருந்தால் நீர் அந்த வழியாகவே ஓடிவிடும்; மேல்மண்ணைக் கொத்திவிட்டு ஊற்ற வேண்டும்.

தளத்தின் சூடு தனி. தொட்டிகளை இரண்டு செங்கல் மேல் தூக்கி வையுங்கள். மண்ணின் மேல் தேங்காய் நாரையோ காய்ந்த சருகையோ இரண்டு அங்குலம் பரப்புங்கள், தண்டை ஒட்டாமல். தக்காளிக்கும் செம்பருத்திக்கும் பச்சை நிழல்வலை கட்டலாம். ஆனாலும் பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால் தக்காளியின் மகரந்தம் வீரியம் இழந்து பூ உதிரும். அதற்கு உரம் போட்டுப் பயனில்லை. ஆடி வரை பொறுத்திருங்கள். பொதுவாகவே இந்த மாதத்தில் உரம் வைப்பதும் தொட்டி மாற்றுவதும் வேண்டாம். மல்லிகையை மட்டும் வலைக்குள் கொண்டுபோய்விடாதீர்கள். வெயில் குறைந்தால் அதற்குப் பூக்க மனம் வராது.

மணிபிளான்ட் விஷயத்தில் நீங்கள் நல்லெண்ணத்தோடு தவறு செய்கிறீர்கள். ஆர்.ஓ. கழிக்கும் நீரில் உப்பு செறிந்திருக்கும். மண்ணின் மேல் வெள்ளையாகப் படிவதும் இலை நுனி கருகுவதும் பெரும்பாலும் அதனால்தான். அதை வீடு துடைக்க வைத்துக்கொண்டு, ஏசி குழாயிலிருந்து சொட்டும் நீரை வாளியில் பிடித்து ஊற்றுங்கள். அது காற்றின் ஈரம் குளிர்ந்து வடிந்த நீர், உப்பு அநேகமாக இருக்காது. ஏற்கெனவே படிந்த உப்பு கரைந்து வெளியேற, ஒரு முறை தாராளமாக ஊற்றி வடியவிட்டு, அடித்தட்டில் தேங்குவதைக் கொட்டிவிடுங்கள். ஏசியின் காற்று நேராக இலை மேல் வீசுவதும் நுனியைக் காய வைக்கும். தொட்டியை நகர்த்துவதற்குச் செலவில்லை.

ஊருக்குப் போகும் முன், மாடிப்படி அறையின் கிழக்குச் சுவரை ஒட்டித் தொட்டிகளை நெருக்கமாகச் சேர்த்து வையுங்கள். பிற்பகலில் அங்கே நிழல் விழும். மணிபிளான்ட் ஏசி இல்லாத அறையில் ஐந்து நாளைத் தாங்கிவிடும். மாடிக்கு ஒருவர் வந்துதான் ஆக வேண்டும். பக்கத்து வீட்டாரிடம் சாவி கொடுத்தால், ‘காலையில் ஒரே முறை’ என்று தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டுப் போங்கள். பாசம் மிகுந்தவர்கள் என்றால் ஊற்ற வேண்டிய குவளையையும் நீங்களே எடுத்து வைத்துவிடுங்கள்.