காய்ந்த மாதங்களில் பால் குறையும் பசுவுக்கு மின்விசிறி வாங்கலாமா?

கேள்வி: பண்டாரவளைப் பக்கம் தோட்டத்து லயத்தில் இருக்கிறோம். பிரீசியன் கலப்புப் பசு ஒன்று வைத்திருக்கிறோம். பத்து லீற்றர் கறந்தது, ஆடி பிறந்ததிலிருந்து ஆறைத் தாண்டவில்லை. பகலில் மூச்சு வாங்குகிறது. கணவர் குவைத்தில் வேலை செய்கிறார். பாலைவனத்திலேயே விசிறியும் தண்ணீர்த் தூவலும் வைத்து மாடு வளர்க்கிறார்களாம், நாமும் ஒரு மின்விசிறி வாங்குவோம் என்கிறார். மகன் ஆசைக்கு வளர்க்கும் முயல்களும் சோர்ந்து கிடக்கின்றன. என்ன செய்யலாம்?

பதில்: சகோதரி, மின்விசிறிக்கான காசு இப்போதைக்கு உங்கள் கையிலேயே இருக்கட்டும். முதலில் பசு ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கிறது என்று வாளியால் அளந்து பாருங்கள்.

பாலில் நூற்றுக்கு 87 பங்கு தண்ணீர்தான். ஒரு லீற்றர் பாலுக்கு நான்கைந்து லீற்றர் தண்ணீர் வேண்டும். பத்து லீற்றர் கறக்கும் பசு காய்ந்த நாட்களில் 70, 80 லீற்றர் குடிக்கும். ஊற்றுப் பீலியில் தண்ணீர் நூலாக இறங்கும் காலத்தில் காலையில் இரண்டு வாளி, மாலையில் இரண்டு வாளி என்று வைத்தால் அது போதாது. உங்கள் பசுவுக்கு நடந்திருப்பது பெரும்பாலும் இதுதான் என்று நினைக்கிறேன். வெயிலில் கிடக்கும் கறுப்புக் குழாயில் நடுப்பகலில் வருவது சுடுதண்ணீர், பசு அதில் வாயே வைக்காது. தொட்டியை நிழலில் வைத்து, விடியற்காலையில் நிரப்புங்கள். இரவிலும் அது காலியாக இருக்கக் கூடாது. பகலில் குடிக்காததை இரவில் குடிக்கும்.

இனி உங்கள் கணவர் சொன்னதற்கு வருகிறேன். குவைத்தில் ஆடி மாதம் 45 பாகைக்கு மேல் போவது சாதாரணம். 2016 ஜூலையில் மித்ரிபா என்ற இடத்தில் 53.9 பாகை பதிவானது. அந்தச் சூட்டில் விசிறி இல்லாமல் பிரீசியன் மாடு பிழைப்பது கடினம். பண்டாரவளையில் 30 பாகையைத் தொட்டாலே அதிகம். ஆனால் குளிர்நாட்டு இனமான பிரீசியனுக்கு 25 பாகையைத் தாண்டினாலே கஷ்டம். அதோடு தாழ்ந்த தகரக் கூரைக்குக் கீழே நிற்கும் மாட்டுக்கு வெளிச்சூட்டைவிட அதிகம் இறங்கும். தகரத்தின் மேல் மானாப்புல்லையோ தென்னோலையையோ தடிப்பாகப் பரப்பிக் கட்டுங்கள். காற்று வரும் பக்கத்துத் தட்டியைப் பிரித்து விடுங்கள்.

பாலைவனத்து வித்தை ஒன்று உங்களுக்கும் உதவும். தென்மேல் பருவக்காற்று மழையை அட்டன், நுவரெலியாப் பக்கம் கொட்டிவிட்டு, பண்டாரவளை இருக்கும் ஊவாவுக்கு வறண்டுதான் இறங்குகிறது. ஊவாத் தேயிலைக்கு அந்த வாசனை வருவதும் இந்தக் காற்றால்தான். வறண்ட காற்றில் ஈரம் சீக்கிரம் ஆவியாகும், ஆவியாகும்போது சூட்டை இழுக்கும். ஆகவே காற்று வரும் பக்கத்தில் சணல் சாக்கை நனைத்துத் தொங்கவிடுங்கள். பாத்திரம் கழுவிய கடைசித் தண்ணீரே இதற்குப் போதும். ஆனால் அடைத்த பட்டிக்குள் தண்ணீர் தெளித்தால் புழுக்கம் கூடும், மடிநோய்க்கும் வழி திறக்கும்.

இன்னொன்றும் அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம். கோடையில் பகல் 11 மணியிலிருந்து 4 மணி வரை வெளிவேலைக்கு அங்கே தடை இருப்பது உங்கள் கணவருக்குத் தெரிந்திருக்கும். பசுவுக்கும் அதே நேரம் நிழலில் ஓய்வு கொடுங்கள். தின்ற புல் வயிற்றில் நொதிக்கும்போது உடம்பு சூடேறும், அதனால் தீனியில் பெரும்பங்கை மாலை ஆறுக்குப் பிறகு போடுங்கள். புண்ணாக்கையும் இரவுக்கு மாற்றுங்கள், கொஞ்சம் உப்பும் சேருங்கள். பச்சைப்புல் கிடைக்காத நாட்களில் குவாத்தமாலாப் புல்லை நறுக்கி, வாட்டிய கிளிசிரிடியாத் தழையை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் கலக்கலாம். வெலிமடைப் பக்கத்து மரக்கறித் தோட்டங்களில் கழிக்கும் கோவா (முட்டைக்கோசு) இலையை வாங்கும்போது, பூச்சிமருந்து அடித்து எத்தனை நாள் ஆயிற்று என்று கேட்காமல் வாங்காதீர்கள். பச்சை நிறமேறிய உருளைக்கிழங்கு எந்த விலங்குக்கும் வேண்டாம்.

முயல்கள் விஷயத்தில் மகனைக் கொஞ்சம் அவசரப்படச் சொல்லுங்கள். மாட்டைவிட முயல் சூட்டுக்குப் பயந்தது. அதற்கு வியர்க்காது, பெரும்பாலும் காது வழியாகத்தான் சூட்டை விடும். கூட்டை இன்றே தகரத்தடியிலிருந்து எடுத்து மரநிழலில் வைக்க வேண்டும். குளிர்சாதனப் பெட்டி இருந்தால் போத்தலில் தண்ணீரை உறையவைத்து, துணி சுற்றிக் கூட்டுக்குள் வைக்கட்டும், முயல் தானாக வந்து சாய்ந்துகொள்ளும். உடம்பில் தண்ணீர் ஊற்றக் கூடாது. சூடுபட்ட ஆண் முயல் சில வாரங்களுக்குக் குட்டிக்கு உதவாது, அதற்காக அதைக் கழித்துவிட வேண்டாம்.

அப்புறம், பசுவின் விலாவைப் பார்த்து மூச்சை எண்ணுங்கள். நிமிடத்துக்கு 60 தாண்டினால் சூடு வாட்டுகிறது என்று அர்த்தம். தண்ணீரும் நிழலும் சரியாகக் கொடுத்து ஒரு வாரம் ஆகியும் பால் ஏறாவிட்டாலோ, காய்ச்சலோடு சிறுநீர் சிவந்து போனாலோ அது வெயிலின் வேலை இல்லை. உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். அன்றே கால்நடை வைத்தியரைக் கூப்பிடுங்கள்.