கஞ்சா எண்ணெய் வலிப்பு நோய்க்கு உதவுமா? ஆராய்ச்சி என்ன சொல்கிறது?

உங்கள் வீட்டிலும் வலிப்பு வரும் ஒரு குழந்தை இருக்கிறது என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. கஞ்சாவுக்கு வக்காலத்து வாங்கவும் வரவில்லை. என் மகளுக்கு டிராவெட் நோய்க்குறி. கைக்குழந்தைப் பருவத்திலேயே தொடங்கும் கடுமையான வலிப்பு நோய் அது. லேசான காய்ச்சல் வந்தாலே வலிப்பு வந்துவிடும்.

ஆராய்ச்சியில் தேறியது கஞ்சா அல்ல, அதிலிருந்து பிரித்துச் சுத்தம் செய்த சிபிடி என்ற ஒரே பொருள். அது போதை தராது. 2017இல் வெளியான சோதனையில் டிராவெட் உள்ள 120 பேர் இருந்தார்கள். சிபிடி குடித்தவர்களுக்கு மாதம் சுமார் 12 ஆக இருந்த வலிப்பு 6 ஆகக் குறைந்தது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகச் சிபிடி இல்லாத போலி மருந்து குடித்தவர்களுக்கு 15 ஆக இருந்தது 14 ஆனது, அவ்வளவுதான். அடுத்த ஆண்டு அமெரிக்காவில் டிராவெட், லெனாக்ஸ்-காஸ்டோ (குழந்தைகளுக்கு வரும் இன்னொரு கடுமையான வலிப்பு நோய்) இரண்டுக்கும் சிபிடி மருந்துக்கு ஒப்புதல் கிடைத்தது. எல்லா வலிப்புக்கும் அல்ல.

"பாதிதானே குறைந்தது" என்று சொல்பவர்கள், உதடு நீலமாகும் குழந்தையை ஒருக்களித்துப் படுக்கவைத்து, ஒரு கையில் வலிப்பை நிறுத்த மூக்கில் அடிக்கும் மருந்தும் மறு கையில் நேரம் ஓடும் போனுமாக ஓர் இரவு உட்கார்ந்து பார்க்கட்டும். எங்களுக்குப் பாதி என்பது மிகப் பெரியது.

என் தம்பி அன்போடு இணையத்தில் ஒரு புட்டி எண்ணெய் வாங்கி வந்தான். கொடுக்கும் முன் நரம்பியல் மருத்துவரிடம் எடுத்துப்போனேன். அவர் புட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஒரு மில்லியில் எத்தனை மில்லிகிராம் என்று எங்கேம்மா போட்டிருக்கிறது?" என்றார். எங்குமே இல்லை. மகள் வால்புரோயேட், குளோபசாம் என்ற இரண்டு வலிப்பு மருந்துகள் சாப்பிடுகிறாள். முதலாவதோடு சிபிடி சேர்ந்தால் கல்லீரல் நொதிகள் ஏறலாம். இரண்டாவதோடு சேர்ந்தால் குழந்தை தூங்கி வழியும். ரத்தப் பரிசோதனை இல்லாமல் தொடவே கூடாது என்றார். அமெரிக்காவில் இணையத்தில் விற்ற 84 சிபிடி பொருட்களைச் சோதித்தபோது, லேபிளில் போட்ட அளவு சரியாக இருந்தது 26இல் மட்டும். 18இல் போதை தரும் டிஎச்சியும் இருந்தது.

உடனே என்னை மருந்துக் கம்பெனி ஆள் என்று சிலர் எழுதுவார்கள். கல்கத்தாவில் மருத்துவர் ஓஷாக்னெசி, வலிப்பு வந்த கைக்குழந்தைக்குக் கஞ்சா டிங்ச்சர் (சாராயத்தில் கரைத்த மருந்து) கொடுத்துக் குணம் கண்டதை 1839லேயே எழுதியிருக்கிறார். அந்தச் செடி மேல் எனக்குப் பகை இல்லை. அளவு தெரியாத புட்டியோடுதான் பகை.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். மகளின் பள்ளியில், வலிப்பு வந்தால் தாங்கள் பொறுப்பல்ல என்று எங்களிடம் எழுதி வாங்கிக்கொண்டார்கள். பையில் வைத்து அனுப்பும் மூக்கு மருந்தையும் "இதெல்லாம் இங்கே வேண்டாம்" என்று திருப்பி அனுப்புகிறார்கள். அதை அடிக்கக் கற்றுக்கொள்ள ஓர் ஆசிரியைக்கு ஐந்து நிமிடம் போதும். நேரில் வந்து சொல்லித்தருகிறேன் என்று கடிதம் கொடுத்தேன். இன்னும் பதில் இல்லை.