எறும்பும் பட்டத்து நூலும்

கேள்வி: பணி ஓய்வுக்குப் பிறகு நான்கு மொழிகளில் படிக்கிறீர்களாமே, சமீபத்தில் எது பிடித்தது?

பதில்: விவேக் ஷான்பாக் கன்னடத்தில் எழுதிய 'காச்சர் கோச்சர்'. 2013-இல் வந்த சின்ன நாவல், ஒரே மூச்சில் முடித்துவிட்டு மறுநாள் முதல் பக்கத்திலிருந்து திரும்ப ஆரம்பித்தேன். சித்தப்பாவின் மசாலா வியாபாரத்தில் திடீரென்று பணம் பார்த்த பெங்களூர்க் குடும்பம். பழைய வாடகை வீட்டில் எறும்புத் தொல்லை வருகிறதே, அவற்றை இரக்கமே இல்லாமல் நசுக்குவதில் வீடே ஒன்று சேர்கிறது, அங்கேயே எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. தலைப்புக்கு அகராதியில் அர்த்தம் தேடாதீர்கள், பட்டத்து நூல் சிக்கலாகிப் போனபோது நாயகனின் மனைவி வீட்டுப் பிள்ளைகள் உண்டாக்கிய சொல் அது. அப்புறம், தமிழிலும் வந்திருக்கிறது, அவசியம் படியுங்கள்.