கணினிக் கேள்வி-பதில்: 12 ஸ்கிரிப்ட்டும் ஒரு மின்வெட்டும்

கேள்வி: அண்ணா, திருகோணமலையில் ஒரு சிறிய அலுவலகத்தில் வேலை செய்கிறேன். கிண்ணியா, மூதூர், நிலாவெளி இறங்குதுறைகளில் இருந்து தினமும் மீன் கணக்கு எக்செல் ஃபைலாக வருகிறது. அதைச் சுத்தம் செய்து, மீன் பெயர்களை ஒன்றாக்கி, விலை சேர்த்து, அறிக்கை எடுக்க 12 பைத்தன் ஸ்கிரிப்ட் வைத்திருக்கிறேன். நடுவில் ஒன்று நின்றால் எல்லாவற்றையும் முதலில் இருந்து ஓட்ட வேண்டியிருக்கிறது. இதைக் கிராஃப் (முடிச்சுகளும் அவற்றை இணைக்கும் கோடுகளும்) ஆக்கி நானே ஒரு ஃபிரேம்வொர்க் எழுதலாமா, இப்படிப்பட்ட படிகளை ஓட்டித் தரும் ஏர்ஃப்ளோ என்ற மென்பொருளைப் போடலாமா?
- வாசகி, உப்புவெளி

பதில்: எழுதுங்கள் தங்கச்சி. ஏர்ஃப்ளோ நல்ல கருவிதான், 2014இல் ஏர்பிஎன்பி நிறுவனத்துக்குள் தொடங்கியது, ஆனால் அதற்கென்று ஒரு டேட்டாபேஸ், எந்தப் படியை எப்போது ஓட்டுவது என்று பார்த்துக்கொண்டு எந்நேரமும் ஓடும் ஷெட்யூலர், வெப் சேர்வர் எல்லாம் வேண்டும். ஒரு லேப்டொப்பில் ஓடும் 12 படிகளுக்கு அது பாரம். பல கணினிகள், பல பேர் என்று வேலை பெருகும்போது அதற்கு மாறிக்கொள்ளலாம்.

முதலில் ஒன்றை மாற்றுங்கள். "இதற்குப் பிறகு இது" என்று வரிசை எழுதாதீர்கள், ஒவ்வொரு படிக்கும் எது தேவை என்பதை மட்டும் எழுதுங்கள். படி ஒரு முடிச்சு, தேவை ஒரு கோடு. கரைவலை இழுத்துக்கொண்டிருக்கும்போதே ஒருவர் ஐஸ் உடைக்கலாம், இன்னொருவர் தராசை எடுத்து வைக்கலாம், ஆனால் மீன் கரைக்கு வராமல் நிறுக்க முடியாது, இல்லையா? அதேதான். வரிசையைக் கணினியே கண்டுபிடிக்கும். எந்தத் தேவையும் மிச்சமில்லாத முடிச்சுகளை எடு, அவற்றின் கோடுகளை அழி, திரும்பவும் பார். இது 1962இல் ஆர்தர் கான் எழுதிய முறை. கடைசியில் எடுக்க முடியாமல் முடிச்சுகள் மிஞ்சினால் எங்கோ ஒரு வட்டம் இருக்கிறது, அதாவது படிகள் ஒன்றுக்கொன்று காத்து நிற்கின்றன என்று அர்த்தம். இதை நீங்கள் எழுதவும் தேவையில்லை, பைத்தன் 3.9இல் இருந்து கிராஃப்லிப் என்ற பகுதி கூடவே வருகிறது. இப்போது ஓடத் தயாராக இருக்கும் முடிச்சுகளை அது மொத்தமாகத் தரும், அதனால் கிண்ணியா ஃபைலையும் மூதூர் ஃபைலையும் ஒரே நேரத்தில் சுத்தம் செய்யலாம்.

அப்புறம், உங்கள் உண்மையான தலையிடி வரிசை இல்லை, முடிந்த வேலை தொலைந்துபோவது. 2022இல் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போன காலத்தில் எனக்கு இது நன்றாகவே உறைத்தது. பாதி எழுதிய ஃபைல் ஒன்று டிஸ்கில் கிடந்தது, அடுத்த ஸ்கிரிப்ட் அதை முழு ஃபைல் என்று நம்பிக் கூட்டிவிட்டது, பிழை ஒரு கிழமைக்குப் பிறகுதான் தெரிந்தது. ஆகவே ஒவ்வொரு முடிச்சும் விடையைத் தற்காலிகப் பெயரில் எழுதட்டும், எழுதி முடிந்ததும், அதே டிரைவுக்குள், சரியான பெயருக்கு மாற்றட்டும். அந்தப் பெயரை உள்ளீட்டின் உள்ளடக்கம், அந்தப் படியின் நிரல் இரண்டையும் சேர்த்து எடுத்த ஹாஷில் (உள்ளடக்கத்தில் இருந்து கணக்கிடும் கைரேகை போன்ற குறியீடு, உள்ளடக்கம் மாறினால் அதுவும் மாறும்) இருந்து உருவாக்குங்கள். பெயர் ஏற்கெனவே இருந்தால் அந்தப் படியை மறுபடி ஓட்டத் தேவையில்லை. 1976இல் பெல் லேப்ஸில் பிறந்த மேக் (make) கருவி, எந்தப் படியைத் திரும்ப ஓட்டுவது என்பதை ஃபைல் கடைசியாக மாறிய நேரத்தைப் பார்த்து முடிவெடுத்தது. கொப்பி பண்ணும்போது நேரம் மாறிவிடலாம், உள்ளடக்கம் மாறாது.

இதெல்லாம் வேலை செய்ய வேண்டுமென்றால் முடிச்சுக்குள் ஒளித்து எதையும் வைக்கக்கூடாது. "இன்றைய திகதி"யைக்கூட உள்ளே எடுக்காமல் உள்ளீடாகக் கொடுங்கள், இல்லாவிட்டால் நேற்றைய கணக்கை இன்று ஓட்டினால் வேறு விடை வரும். மீன் பெயர்ப் பட்டியலும் அப்படித்தான். ஒரே மீனை ஒருவர் அறுக்குளா என்று எழுதுவார், இன்னொருவர் தோரா என்பார். அந்தப் பட்டியலை நிரலுக்குள் புதைக்காமல் தனி ஃபைலாக, தனி முடிச்சாக வையுங்கள். ஒரு பெயர் சேர்த்தால் அதைத் தொடும் படிகள் மட்டும் திரும்ப ஓடும்.

கேள்வி: முடிச்சுகளைத் தொடர்ந்து ஓடவிட்டால், வாசிக்கும் முடிச்சு வேகமாகவும் எழுதும் முடிச்சு மெதுவாகவும் இருந்து மெமரி நிரம்பிவிடுகிறது. என்ன செய்யலாம்?
- வாசகர், மூதூர்

பதில்: இரண்டு முடிச்சுக்கும் நடுவில் தரவு காத்திருக்கும் கியூவுக்கு (வரிசைக்கு) எல்லை போடுங்கள். பைத்தன் கியூவில் மேக்ஸ்சைஸ் 100 என்று கொடுத்தால், நிரம்பியதும் வாசிக்கும் முடிச்சு தானாகக் காத்து நிற்கும், இடம் வந்ததும் தொடரும்.