எடை மெஷின் உடலின் கொழுப்பையும் நீரையும் எப்படிச் சொல்கிறது?

வெறுங்காலோடு ஏறி நிற்கும்போது, நாம் உணரவே முடியாத மெல்லிய மாறுதிசை மின்சாரத்தை அது உடலுக்குள் அனுப்புகிறது. 1 மில்லி ஆம்பியருக்கும் குறைவுதான். அதற்கு எவ்வளவு தடை வருகிறது என்று பார்ப்பதே மின்மறிப்பு அளவீடு.

ஈரக் கையோடு சுவிட்சைத் தொடாதே என்பார்களே, அதே சங்கதிதான் இங்கேயும். உப்புகள் கரைந்த நீரில் மின்சாரம் எளிதாக ஓடும். கொழுப்பு நீங்கலான உடலில் ஏறக்குறைய 73 சதவீதம் நீர்; கொழுப்பிலோ மிகக் குறைவு. எனவே தடையையும் உயரத்தையும் வைத்து மொத்த நீரைக் கணிக்கலாம், அதிலிருந்து கொழுப்பில்லாத எடையை. மொத்த எடையில் அதைக் கழித்தால் மிஞ்சுவது கொழுப்பு.

சிக்கலும் இங்கேதான். உடலில் நீர் வற்றியிருந்தால் தடை கூடும். மெஷின் அதைக் கொழுப்பு என்று எழுதிவிடும்! தினமும் ஒரே நேரத்தில், ஒரே நிலையில் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான். அப்புறம், காலில் மட்டும் தொடும் மெஷினில் மின்சாரம் பெரும்பாலும் கால்கள் வழியாகவே போய்த் திரும்பும். மேலுடம்பு வெறும் ஊகம்.

மருத்துவமனைக் கருவிகள் பல அதிர்வெண்களைப் பயன்படுத்தும். குறைந்த அதிர்வெண் செல்களைச் சுற்றிப் போகும், கூடியது உள்ளேயும் நுழையும். டயாலிசிஸ் நோயாளிகளின் உடலில் தேங்கிய நீரை மதிப்பிட இது உதவுகிறது. பேஸ்மேக்கர் வைத்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இத்தகைய மெஷின்களில் ஏறக் கூடாது.

மெஷின் கொழுப்பையே அளக்கிறது என்று பலர் நம்புகிறார்கள். அது அளப்பது எடையையும் மின்தடையையும் மட்டுமே, மற்றதெல்லாம் சூத்திரம் போட்ட கணக்கு.